பிணைக்கிறவள்

முப்பது வருஷமாகப் பட்டுக்குச் சாயம் போடுகிற ஒரு மனுஷர், பட்டறைக் கையுறையை மாட்டிக்கொண்டு, முழ நீள வெள்ளைப் பட்டு நூலோடு காலை ஏழு மணிக்குக் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நல்லவேளை, பிள்ளையார்பாளையத்தில் அந்த நேரத்துக்குக் குமரகுருவைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. தெரு முழுக்கக் குடத்தோடு குழாயடியில் நின்றது. வீட்டில் மனைவி வடிவு மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

விஷயம் இதுதான். வடிவுக்கு மார்பில் கட்டி. நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் முதல் தடவை மருந்து ஏற்றினார்கள். மொத்தம் நாலு தடவை, மூன்று வாரத்துக்கு ஒன்று. நேற்று ராத்திரி நன்றாகத்தான் இருந்தாள். கஞ்சி குடித்தாள், "உங்க மேல சாய நாத்தம் குமட்டுது, போய் இன்னொரு தபா குளிங்க" என்று விரட்டினாள், அவரும் மறுபேச்சில்லாமல் குளித்தார். விடிந்து எழுந்ததும் சொல்கிறாள், அடுத்த தடவை நான் வரலீங்க என்று. ஏன் என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். வடிவு ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஏகாம்பரநாதரே இறங்கி வந்தாலும் ஆகாது, அது அவருக்கு இருபத்தேழு வருஷ அனுபவம். அதோடு அவள் கக்கூசுக்குப் போய்விட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வேறு. ஒரு வாளி போதாதா? நாலு வாளி ஊற்றினாள்.

மறுபடி அவள் போய்வந்தபோது வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோயிருந்தது, ஊற்ற ஒரு வாளிகூட இல்லை. பின்னாலேயே போய்ப் பார்த்தார். வெள்ளைப் பீங்கானில் சிவப்பு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நின்றபடி பார்க்கப் பார்க்க, பயத்தையும் மீறிக்கொண்டு அவருடைய தொழில் கண் விழித்தது. ரத்தத்துக்கு இவ்வளவு ஆரஞ்சு ஏது? உடனே பட்டறைக்குப் போய்க் கையுறையையும் நூலையும் எடுத்து வந்தார்.

வடிவு ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு நேற்றைய கதைக்குப் போக வேண்டும். டாக்டர் தேவிப்ரியா, தாமல் ஊர்ப் பக்கத்துப் பெண், சின்ன வயசு, சிரித்த முகம். இந்த மருந்துக்கு நல்ல செல் எது கெட்ட செல் எது என்று எப்படித் தெரியும் என்று வடிவு கேட்டாள். டாக்டர்ப் பெண் அவளை என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டது. பாவு பிணைக்கிறேன் என்றாள். தறியில் நெடுக்கே ஓடுகிற பாவு நூல் தீர்ந்தால் புதுப் பாவின் இழையைப் பழைய இழையோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும், நாலாயிரத்துச் சொச்சம் இழை. டாக்டருக்குக் குஷி தாங்கவில்லை, அப்போ உங்களுக்குச் சுலபமாகப் புரியும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரட்டைப் புரியாக முறுக்கின நூல் இருக்கிறதாம். செல் ஒன்று ரெண்டாக வேண்டுமென்றால் புரி பிரியணும். ஒரு பக்கம் பிரித்தால் மறுபக்கம் முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும். சிக்கெடுப்பதற்கென்றே உள்ளே ஒரு ஆள் உண்டு, டோப்போஐசோமரேஸ் என்று பேர். நூலை அறுக்கும், சிக்கை விடுவிக்கும், அறுத்த இடத்தைத் திரும்ப ஒட்டிவிட்டுத்தான் கையை எடுக்கும். கட்டி வேகமாகப் பெருகுகிறது, அதனால் அங்கே இந்த ஆளுக்கு ஓயாத வேலை. இந்த மருந்து என்ன செய்கிறதென்றால், அறுத்தபின் ஒட்ட விடாமல் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொள்கிறது. அறுபட்டது அறுபட்டபடி கிடக்கும், செல் செத்துவிடும்.

"அய்யோ பாவம்," என்றாள் வடிவு. மருந்தை அல்ல, அந்த ஆளைச் சொன்னாள். பிணைக்கிற வேலை என்றால் அது பெண்ணாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். விருந்தாளி வந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், கையிலிருக்கும் இழையைப் பிணைக்காமல் எழுந்திருக்காதவள் அவள். அதற்கப்புறம் நர்ஸ் வந்து எதையோ விளக்கிச் சொன்னபோது இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. வடிவு செல்லுக்குள் இருக்கும் அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தாள், குமரகுரு வடிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கக்கூசிலிருந்து வெளியே வந்து, அந்தச் சிவப்பில் நனைத்த நூலைக் கொல்லைக் கொடியில் போட்டார். அப்புறம் வடிவின் தையல் ஊசியை எடுத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தன் விரலில் ஒரு குத்துக் குத்தினார். அந்த ரத்தத்தை இன்னொரு நூலில் தோய்த்துப் பக்கத்திலேயே போட்டார். பங்குனி வெயில், பத்து நிமிஷத்தில் இரண்டும் காய்ந்துவிட்டன. தடுமாறி எழுந்து வந்த வடிவு கொல்லை வாசப்படியில் நின்றாள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? விரல்ல இன்னா ரத்தம்?"

"இங்க வா. இது என் ரத்தம், காஞ்சதும் பாக்கு நெறத்துக்குப் போயிடுச்சி பாரு. இது உன்னுது. நெறம் அப்படியே நிக்குது." அவர் அதைச் செம்புத் தண்ணீரில் போட்டு அலசினார், நூல் வெளுத்துக்கொண்டு வந்தது. "சாயம் தாம்மா இது. நேத்து பாட்டில்ல இருந்து எறங்கிச்சே, அதே செவப்பு. தண்ணிக்கே போவுது, இதை என் பட்டறையில போட்டிருந்தா எவனும் நூல் குடுத்திருக்க மாட்டான்."

வடிவு சிரிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டாள். உள்ளே எல்லாம் அறுந்து ரத்தமாகக் கொட்டுகிறது, பிணைக்க ஆளில்லை என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி அழுதாள். இத்தனையையும் ஒற்றையாளாக வைத்துக்கொண்டு நாலு வாளி தண்ணீர் ஊற்றியிருக்கிறாளே என்று அவளைத் திட்ட நினைத்து, முடியாமல் அவள் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அழுகை நின்றதும் அவள் கேட்டாள். "சரி, சாயம்தான். ஆனா அந்தப் பிணைக்கிறவ என் நல்ல எடத்துலயும் இருக்கா இல்ல? அங்கயும் மருந்து அவ கையப் பிடிச்சுக்கும் இல்ல?"

இதற்குக் குமரகுருவிடம் நூல் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டார்கள். முதலில் சிவப்பைப் பற்றி, ரெண்டு நாளில் தெளிந்துவிடும், நர்ஸ் சொன்னாங்களே என்றது. அப்புறம் வடிவின் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொன்னது. ஆமாம், நல்ல இடத்திலும் அறுபடும். முடி, வாய், வயிறு, எங்கெல்லாம் வேகமாக வளருமோ அங்கெல்லாம். அது பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். கட்டி முழுக்கக் கரையுமா என்றால் நாலும் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வடிவு சரிங்கம்மா என்று போனை வைத்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூன்று வாரமும் அவர் கேட்கவே இல்லை. கேட்டு, மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது? தினம் ரெண்டு வேளை குளித்தார், சாய வாடை போக மஞ்சள் தேய்த்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி அலைந்தார். பதினாறாம் நாள் அவளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது.

இரண்டாம் தடவை மருந்து ஏற்றுகிற நாளும் வந்தது. ஆட்டோவை அவர்பாட்டுக்குச் சொல்லிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால், தலையணையில் உதிர்ந்த முடியையெல்லாம் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வடிவு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பாவு பிணைக்கும்போது வைத்துக்கொள்கிற சாம்பல் கொட்டாங்குச்சி. ஒரு கறுப்பு முடியையும் ஒரு நரை முடியையும் எடுத்தாள். விரலில் சாம்பல் தொட்டு இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி மடித்தாள். கண் இமைக்கிற நேரம்தான், இரண்டும் ஒரே இழை.

"இழுத்துப் பாருங்க," என்று நீட்டினாள்.

ஈரப் பட்டு நூலை முறுக்கிப் பிழிகிறபோது உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இழுக்கிறவர் அவர். இந்த முடியை இழுக்கக் கை வரவில்லை. அதைச் சுருட்டி ஆஸ்பத்திரிச் சீட்டுக்குள் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பயந்தாங்கொள்ளி," என்றாள் வடிவு. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வாசலுக்குப் போனாள். ஆட்டோவில் ஏறி, அவருக்கு இடம் விட்டு, ஒதுங்கி உட்கார்ந்தாள்.