நாலு கார்னேஷன்

லீத்தேயினி தெருப் பழைய புத்தகக் கடையிலருந்து என் புருஷன் வெனியமின் அதைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கே அடுப்புல போட்டிருக்கணும். லூகா பெரெகூதின்னு ஒரு எழுத்தாளனோட மொத்தக் கதைகளும் ஒரே புத்தகமா. தலையும் கிடையாது, வாலும் கிடையாது. ஒரு கதையில ஒருத்தன் அலமாரியைக் கட்டிக்கிறான். ஆறே மாசத்துல அலமாரி விவாகரத்து கேட்குது.

கதையை மன்னிச்சிருவேன். ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருந்தாளே புத்தகத்தோட பழைய சொந்தக்காரி, அவளைத்தான் தாங்க முடியல. அலமாரிக் கதை பக்கத்துல, "நியாயம் அலமாரி பக்கம்தான்"னு எழுதியிருக்கா. அதைப் படிச்சுட்டு வெனியமின் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். பதினோரு வருஷமா நான் பேசுற எதுக்கும் உதடுகூட அசையாத மனுஷன்.

முதல் பக்கத்துல அவ விலாசம் வேற. அக்லாயா பெத்ரோவ்னா, மணியை மூணு தடவை அடிக்கவும். பல குடும்பம் ஒண்ணா இருக்கிற வீடு, யாரைப் பார்க்கணுமோ அவங்களுக்குன்னு மணிக்கு ஒரு கணக்கு.

மூணு ஞாயித்துக்கிழமையா இவர் நல்ல சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்புறார்.

"எங்க?"

"சும்மா நடந்துட்டு வரேன் ரிம்மா."

நாலாவது வாரம் பின்னாடியே போனேன்.

மெட்ரோ வாசல்ல கார்னேஷன் பூ வாங்கினார். எண்ணினேன், நாலு. எங்க ஊர்ல இரட்டைப்படையில பூ செத்தவங்களுக்குத்தான். அப்ப அவ போய்ச் சேர்ந்துட்டா, இவர் கல்லறைக்குப் போறார். பொய் சொல்வானேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

ஆனா அவர் போனது ஒரு பழைய வீட்டோட மூணாவது மாடிக்கு. மணியை மூணு தடவை அடிச்சார். நான் கீழ்ப்படியில ஒளிஞ்சு நின்னேன். கதவைத் திறந்தது எண்பது வயசுக் கிழவி. பூவை வாங்கி ஒண்ணொண்ணா எண்ணினா.

"நாலா? எப்பப்பா செத்தேன் நான்?"

"வியாழக்கிழமை. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"இந்த வீட்ல எனக்கு யாரு எதைச் சொல்றாங்க. உள்ள வா."

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு கீழ்வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். சின்னவளா இருந்தா முடியைப் பிடிச்சு இழுத்திருப்பேன். பாதிப் பல்லு இல்லாத இவளை என்ன பண்றது?

வர்ற வழியில நானும் கார்னேஷன் வாங்கினேன், ரெண்டே ரெண்டு. அவரோட சூப் தட்டுக்குப் பக்கத்துல டம்ளர்ல வச்சேன். எனக்காக ஒரே ஒரு தடவை சிரிக்கட்டும்னு காத்திருந்தேன்.

வந்தார். பூவைப் பார்த்தார்.

"யாரு செத்தா?"

"நீங்கதான். அடக்கம் நாலு மணிக்கு. அதுக்குள்ள சூப்பைக் குடிச்சிருங்க."

சிரிச்சார் பாருங்க, கரண்டி கீழ விழுந்துடுச்சு. பதினோரு வருஷம் கழிச்சு.

கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "ரிம்மா, இதை அக்லாயா பெத்ரோவ்னாகிட்ட சொல்லியே ஆகணும்."