போலியஸிடம் மிஞ்சிய சொல்

பக்கவாதம் வந்து விழுந்த பிறகு போலியஸின் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "கிராக்."

கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில், எங்கள் கடற்கரை ஊரில், சாவு வீட்டுக்குக் கதை சொல்ல வருபவன் "கிரிக்?" என்று கேட்பான். ரம் கிளாஸோடு உட்கார்ந்திருக்கும் நாங்கள் "கிராக்!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் கதை நகராது. நாற்பது வருஷம் "கிரிக்" கேட்டவன் போலியஸ். அவனுடைய சொல் போய், எங்களுடைய சொல் அவனிடம் தங்கிவிட்டது. கடவுளுக்கும் கிண்டல் உண்டு.

நான் தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். அவன் கதைகளை ஒன்பது நோட்டுகளில் எழுதி வைத்த மேதாவி.

"மீனைத் தின்னுட்டு முள்ளைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கியேடா சிலெஸ்டின்!" என்பான் போலியஸ்.

முள்தானே கெடாது என்று எனக்குள் ஒரு பெருமை.

"இந்த மாசத்துக்குள்ள பேச வச்சாத்தான் உண்டு. பழகின விஷயமா பேசிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

நோட்டுகளோடு போனேன். ஆஸ்பத்திரியில் பார்க்க விடுவது மூன்றிலிருந்து ஐந்துவரை. பகலில் கதை சொன்னவன் கூடையாகிவிடுவான் என்பது எங்கள் ஊர்ப் பயம். நர்ஸ் மதுரினிடம் ஜன்னல் திரையை மூடச் சொன்னேன்.

"கூடையா ஆனா சொல்லுங்கய்யா. அழுக்குத் துணி போட ஒண்ணு வேணும்" என்று இழுத்துவிட்டாள்.

புலியின் சட்டையை இரவல் வாங்கிக் கல்யாணத்துக்குப் போன முயலண்ணன் கதையைப் படித்தேன். போலியஸ் சொன்னால் சேவல் கூவும்வரை போகும். நோட்டில் நாலு நிமிஷத்தில் முடிந்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் புரட்டிப் பார்த்தேன். ஒன்பது நோட்டிலும் ஒரு "கிரிக்" இல்லை. வெறும் இரைச்சல் என்று விட்டுவிட்டிருக்கிறேன்.

மறுநாள் பத்திக்குப் பத்தி பென்சிலால் சேர்த்துக்கொண்டு போனேன்.

"கிரிக்?"

சட்டென்று திரும்பினான். "கிராக்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகக் கண்ணாடியைத் துடைத்து நோட்டைத் தூக்கினேன். அவன் இடது கையால் ஒரே தட்டு. நோட்டு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. எடுத்தேன். மறுபடியும் தட்டினான்.

"அது இல்லாமச் சொல்லுங்களேன்" என்றாள் மதுரின்.

சொல்லலாம்தான். எழுதிவிட்டோமே என்ற தைரியத்தில் நான் எதையும் மனசில் வைக்கவில்லையே!

"முயலண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு... போனாரு" என்றேன்.

"கிராக்!"

"போனாரு... போய்க்கிட்டே இருந்தாரு."

"எங்கதான்யா போனாரு? கால் வலிக்கப்போகுது அவருக்கு" என்றாள் மதுரின். போலியஸின் தோள் குலுங்கியது. சிரிப்புதான். அதற்குப் பின்னால் ஏதாவது சொல் வருகிறதா என்று அவன் வாயையே பார்த்தேன். வரவில்லை.

இன்று மாசத்தின் கடைசி நாள். தினமும் போனேன். தினமும் முயலண்ணன் அதே பாதையில், வழி தெரியாமல் நின்றார். போலியஸுக்கு இரண்டாவது சொல் வரவேயில்லை.

ஐந்து மணி அடித்தது. மதுரின் திரையை விலக்கினாள். அவன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கிரிக்?" என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

"கிராக்" என்றான் போலியஸ். சொல்லிவிட்டு, நாங்கள் நாற்பது வருஷம் அவன் வாயைப் பார்த்த மாதிரியே என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.