சாக்ஸ் போட்ட பாட்டில்

நவம்பர் பதினொன்று, சான் மார்த்தீனோ நாள். எங்கள் மோன்ஃபெர்ராத்தோ மலைப்பக்கத்தில் பழைய குத்தகை சாவதும் புதுக் குத்தகை பிறப்பதும் அன்றைக்குத்தான். நான் தோனின், திராட்சைத் தரகன். அன்று என் கை சும்மா இருந்தால், குளிர்காலம் முழுக்க என் மனைவியின் வாய் சும்மா இருக்காது.

கை என்று காரணமாகத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கம் விற்பவரும் வாங்குபவரும் கை குலுக்குவார்கள். நடுவில் தரகன் தன் உள்ளங்கையால் அந்தப் பிடியை வெட்டிவிடுவான். வெட்டியாச்சென்றால் முடிந்தது. காகிதம் பிறகு வரும், வராமலும் போகும். வெட்டிய பேச்சை மீறினவனுக்குக் காசாலே ஊர்ச் சந்தையில் ஒரு காபிக்குக்கூட ஆள் கிடைக்காது.

அன்று நான் வெட்டப் போனது கர்ரோனே குடும்பத்துத் தோட்டத்தில். அக்கா எர்சீலியா, தம்பி தெல்ஃபீனோ, இருவருக்கும் சம உரிமை. மாதா கோயிலுக்குக் கீழே மணல் சரிவில் எர்சீலியாவின் கிரிஞொலீனோ கொடிகள். எங்கள் மண்ணைத் தவிர வேறெங்கும் ஒழுங்காக முளைக்காத பிடிவாதக்காரத் திராட்சை அது. ஒரே குலையில் ஒன்று பழுத்திருக்கும், ஒன்று தூங்கும். பழத்துக்குள் விதையோ விதை. கொஞ்சம் அழுத்திப் பிழிந்தால் கசப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் ஒயின் நிறம் வெளிறிப்போன ரோஜா. சிவப்பு ஒயின் என்று சொல்லி விற்க தனி நெஞ்சழுத்தம் வேண்டும். மூன்று வருஷச் சரக்கு நிலவறையில் அப்படியே கிடந்தது.

"சான் மார்த்தீனோ வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள ஒருத்தனும் வாங்கலேன்னா கொடியை நீயே பிடுங்கிக்கோ" என்று எர்சீலியா தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தம்பி சரிவில் ஏற்கெனவே எங்கும் விலைபோகும் மெர்லோ திராட்சை கொஞ்சம் நட்டு வைத்திருந்தான். மிச்சத்தைப் பிடுங்க திங்கட்கிழமைக்கு மண் வெட்டும் இயந்திரத்தையும் சொல்லிவைத்துவிட்டான்.

வாங்க வந்தவர் மிலானோவின் பெரேகோ, பெரிய ஓட்டல்களுக்கெல்லாம் ஒயின் சப்ளை செய்பவர். கூட்டி வந்தது நான். சரிவு முழுக்க மெர்லோவாக மாற்றினால் வருஷா வருஷம் மொத்தமும் எடுத்துக்கொள்கிறேன் என்பது அவர் பேச்சு. காலையில் நிலவறையில் எர்சீலியா இந்த வருஷத்து கிரிஞொலீனோவைக் கண்ணாடி கிளாஸில் நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சிஞோரா, இது ஒயினா, ஒயின் கிளாஸ் கழுவின தண்ணியா?"

வாயில் வைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். எர்சீலியா அந்தக் கிளாஸைத் தானே குடித்து முடித்தாள். அவள் சண்டை போடாமல் இருக்கும்போதுதான் பயப்பட வேண்டும்.

மதியம் சாப்பாடு. தப்பு செய்தது தெல்ஃபீனோ. நவம்பரில் வந்த விருந்தாளிக்கு பாஞ்ஞா காவுதா போடாமல் அனுப்பினால் எங்களுக்கு அவமானம். பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கரைந்து மண்சட்டியில் கொதிக்க, சட்டிக்கடியில் சின்ன விளக்கு எரிய, குடைமிளகாயையும் முட்டைக்கோஸையும் அதில் முக்கி முக்கித் தின்பது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று பாட்டில்களுக்கு முழங்கால் வரை வரும் கம்பளி சாக்ஸ் மாட்டிக் கொண்டுவந்து வைத்தான்.

"பேரு பாக்காம குடிங்க, சிஞோர் பெரேகோ. நாக்கு சொல்லட்டும்" என்றான். சொந்தக்காரர்கள் கூடினால் எங்கள் ஊரில் இந்த விளையாட்டு உண்டு. சிவப்பு சாக்ஸுக்குள் அவனுடைய மெர்லோ, புது ஓக் பீப்பாயில் வளர்ந்த செல்லப்பிள்ளை. நீலத்தில் எங்கள் ஊர்ச் சாதாரணச் சிவப்பு ஒயினான பார்பேரா. பச்சையில் அக்காவுடையது. ஜெயிக்கும் குதிரைக்குப் பக்கத்தில் நொண்டியையும் கட்டினால் குதிரைக்குப் பெருமை என்பது அவன் கணக்கு.

"அப்ப நிறமும் தெரியக் கூடாதில்ல?" என்றபடி எர்சீலியா மண்குவளைகளை எடுத்து வைத்தாள். "எண்ணெய்க் கை. கண்ணாடி வழுக்கும்."

பெரேகோ முதலில் சிவப்பைக் குடித்தார். முகம் சுருங்கியது. நெத்திலி தின்ற வாயில் ஓக் பீப்பாய் ஒயினை ஊற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். தன் மெர்லோவின் மேலிருந்த ஆசையில் தெல்ஃபீனோவுக்கு மட்டும் மறந்துவிட்டது.

"துருப்பிடிச்ச ஆணியை நக்கினாப்பல இருக்கு. யாரோடது இது?"

தெல்ஃபீனோ முட்டைக்கோஸை மும்முரமாக முக்கினான். நீலத்துக்குப் பெரேகோ "பரவால்ல" என்றார். பச்சையை ஒரே மூச்சில் குடித்தார். குவளையை நீட்டினார். மறுபடி நீட்டினார். பிறகு பாட்டிலையே தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். சந்தையில் வளர்ந்தவன் நான். வாங்குபவன் வாயை நான் என்றைக்கும் நம்பியதில்லை, கை எந்தப் பக்கம் போகிறதென்றுதான் பார்ப்பேன்.

"இதுல கசப்பு இருக்கு, ஆனா கடிக்கல. அடுத்த வாய்க்கு வயிறு கேக்குது. என்ன பண்ணீங்க?"

"மூணு தடவை போய்ப் பழுத்ததை மட்டும் பறிச்சோம்" என்றாள் எர்சீலியா. "தொட்டில விதை அடியில தங்கும். அங்க இருக்கற குழாயைத் திறந்து தினமும் அதை வெளிய எடுத்தேன். அவ்வளவுதான்."

"உங்ககிட்ட இருக்கறது முழுக்க எனக்கு!" பெரேகோ விலையையும் சொல்லிக் கையை நீட்டினார். எர்சீலியா பிடித்தாள். என் கை மேலே போய்விட்டது. பச்சை சாக்ஸுக்குள் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தரகனின் கை மின்னலாக இறங்க வேண்டிய நொடி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"தோனின், வெட்டாத!" அவள் தன் கையை உருவிக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றேன்.

அவள் அலமாரியிலிருந்து கண்ணாடி கிளாஸை எடுத்து வந்தாள். பச்சை சாக்ஸ் பாட்டிலிலிருந்து ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பெரேகோவின் முன்னால் வைத்தாள். வெளிறிப்போன ரோஜா.

"காலைல நீங்க கழுவின தண்ணின்னீங்களே, அது. இப்பச் சொல்லுங்க. பாக்காம வாங்கிட்டுப் போய் மிலானோல என்னைத் திட்ட வேண்டாம்."

தெல்ஃபீனோ கண்ணை மூடிக்கொண்டான். "அக்கா, கெடுத்தியே!"

பெரேகோ கிளாஸைப் பார்த்தார். குவளைக்குள் எட்டிப் பார்த்தார். சட்டியில் ஒரு துண்டு குடைமிளகாயை முக்கித் தின்றுவிட்டு, கிளாஸிலிருந்து நிதானமாகக் குடித்தார். அந்த இடைவெளியில் நான் என் தரகு முழுவதையும் மனசுக்குள் அடக்கம் பண்ணி மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டேன்.

"இத்தனை வருஷமா கண்ணால குடிச்சிருக்கேன்" என்றார் அவர். "சரி. அந்தத் தண்ணி மொத்தமும் எனக்குத்தான்." மறுபடி கையை நீட்டினார்.

எர்சீலியா கையைக் கட்டிக்கொண்டாள். "நீங்க சொன்னது அதுக்கு சாக்ஸ் போட்டிருந்தப்போ இருந்த விலை."

"என்னது?"

"அப்ப பேரில்லாத ஒயின் கேட்டீங்க. இப்ப கிரிஞொலீனோ கேக்கறீங்க. பேருக்குத் தனி விலை, பாட்டில்ல பேரு பெருசா இருக்கணும், சரிவுல அதோட ஒரு கொடியைக்கூட யாரும் தொடக் கூடாது. பழைய மூணு வருஷச் சரக்கையும் சேத்து எடுத்துக்கணும்."

எனக்குத் தரகு கற்றுக்கொடுத்த என் அப்பா இருந்திருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து தொப்பியைக் கழற்றியிருப்பார். முடியப் போன பேரத்தை நிறுத்தி, உண்மையைச் சொல்லி, அதற்கும் மேலே விலை ஏற்றுகிறாள்! பெரேகோ என்னைப் பார்த்தார். நான் விளக்குத் திரியைச் சரிசெய்தேன். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிஞோர் தோனின், இந்தம்மா உங்க சந்தைக்கு வர்றதில்லையே?"

"வந்தா நாங்க கடை மூடணும்" என்றேன்.

"குடுங்க கையை."

இந்தத் தடவை நான் வெட்டிய வெட்டில் மேஜையே குலுங்கியது. எர்சீலியா ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், கோழிக்கூண்டு வரை கலவரம். தெல்ஃபீனோ பச்சை சாக்ஸை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இது என் சாக்ஸ் அக்கா."

"உன்னாலதான் வித்துச்சு. போதுமா? வா இங்க." அவன் கழுத்தைப் பிடித்து இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். பூண்டு வாசனையோடு.

திங்கட்கிழமை மண் வெட்டும் இயந்திரம் சொன்னபடி வந்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "எதைப் பிடுங்கணும்?" என்றான். தெல்ஃபீனோ மாதா கோயிலுக்குக் கீழே மணல் சரிவில் ஏறி, தான் நட்ட மெர்லோவின் முன்னால் போய் நின்றான்.

"இதை. இங்க கிரிஞொலீனோ போடப் போறோம்."

"யோவ், அஞ்சு வருஷம் முந்தி இதை நட நான்தானே பள்ளம் வெட்டினேன்?"

"அதனாலதான் உன்னையே கூப்பிட்டேன்" என்றான் தெல்ஃபீனோ. "வழி தெரிஞ்ச ஆளு. வெட்டு."