தொட்டிலுக்கு வாங்கிய தேக்கு

வங்கிக் காசாளருக்கு மரவேலை என்றால் உயிர், முடிப்பதுதான் வேப்பங்காய். மகள் வயிற்றில் இருந்தபோது தொட்டிலுக்கென்று நல்ல தேக்கு வாங்கினார். அது பாதியில் நின்றதும், அதையே அறுத்து அவளுக்குப் படிப்பு மேசை தொடங்கினார். மேசையும் பாதியில் நிற்க, அதை அறுத்து முக்காலி தொடங்கினார். புது வேலை என்றால் கைக்குத் தனித் தெம்பு வந்துவிடும்; தேய்த்து முடிக்கும் கட்டத்தில் அது போன இடம் தெரியாது.

இன்று மகள் போனில், "அப்பா, நீங்க தாத்தா ஆகப்போறீங்க" என்றாள்.

தலைகால் புரியாமல் ஓடிப்போய், அரைகுறை முக்காலியை எடுத்து அளந்தார்.

"தொட்டிலா?" என்றாள் மனைவி.

"இதுல எங்க தொட்டில் வரும்? கிலுகிலுப்பை வரும்."

அவர் ரம்பத்தை வைத்து இழுக்கத் தொடங்கினார்.

"கடையில ஒண்ணு வாங்கி வெச்சிடறேன்" என்றாள் அவள், கொஞ்சமும் கோபமில்லாமல்.