மூன்று மாதமாகத் தீராத சொட்டு மருந்து

எண்பத்து மூன்றாவது டோக்கன் தையல்காரருடையது. அதற்குள் எனக்கு வாய் வலித்துப் போயிருந்தது. இந்தக் கண் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக ஒரே பாட்டைப் பாடுகிறேன்: தலையைச் சாய்க்கணும், கீழ் இமையை இழுக்கணும், ஒரு சொட்டு விடணும், கண்ணை மூடிக்கணும். பாடி முடித்ததும் ஃபைலில் 'விளக்கியாயிற்று' என்ற கட்டத்தில் ஒரு டிக். கேட்டவருக்குப் புரிந்ததா என்பதற்குக் கட்டம் கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்பு அவருக்கும் அதே பாட்டுதான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. அப்படியே விட்டுவிட்டால் பார்வை ஓரத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும், போனது திரும்பாது. தினமும் ஒரு சொட்டு விட்டால் இருப்பதையாவது காப்பாற்றலாம்.

இன்று அளந்தால் அழுத்தம் இம்மியும் குறையவில்லை. இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மருந்தை ஒழுங்கா போடறதில்ல. ஆபரேஷனுக்கு எழுதிட்டேன், சிஸ்டர்கிட்ட தேதி வாங்கிக்குங்க" என்றார்.

என் மேஜைக்கு வந்ததும் தையல்காரரின் மனைவி பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்து விரித்தாள். ஒவ்வொரு தேதியிலும் தையல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு.

"ஒரு நாள்கூட தவறல சிஸ்டர்."

எல்லாரும் சொல்வதுதானே என்று எரிச்சலாக வந்தது. அப்போதுதான் அவர் பாட்டிலை எடுத்து வைத்தார். எடுத்துப் பார்த்தால் கனமாக இருந்தது.

"இது எத்தனாவது பாட்டில்?"

"நீங்க குடுத்த அதே பாட்டில்தான். சிக்கனமா வச்சிருக்கோம்" என்றாள் அவள், பெருமையாக.

ஒரு பாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் வராது.

"ஐயா, போட்டுக் காட்டுங்க."

நான் பாடிய பாட்டை ஒரு வரி பிசகாமல் செய்தார். தலை சாய்ந்தது, இமை இறங்கியது, விரல் பாட்டிலை அமுக்கியது. ஒன்றும் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "போட்டாச்சு" என்றார்.

புது பாட்டிலின் முனை அடைத்திருக்கும். மூடியை ஒரு தடவை நன்றாக இறுக்கித் திருகினால்தான் அதற்குள் இருக்கும் முள் துளை போடும். அதை நானே செய்துதான் கொடுப்பேன். கூட்டம் நெரிக்கிற நாளில் விட்டுப்போகும்.

"ஒண்ணுமே விழலன்னு தோணலையா?"

"எரியாது, போட்டதே தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நல்ல மருந்துன்னு நெனச்சேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "என் தப்புதான். கேட்டிருக்கணும். அன்னிக்கு நீங்களும் ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். "அவர் மேல தப்பில்ல டாக்டர். பாட்டிலைத் துளைக்காம குடுத்தது நான்." அன்று முதல் தடவையாக டாக்டர் தலையைத் தூக்கினார். ஆபரேஷனை அடித்துவிட்டு, ஒரு மாதம் மருந்து போட்டுப் பார்க்கலாம் என்று எழுதினார். போன ஓரப் பார்வைக்கு எழுத மருந்து இல்லை.

வெளியே வந்து மூடியை இறுக்கினேன். முள் இறங்குவது விரலுக்குத் தெரிந்தது. இடது கண்ணில் முதல் சொட்டு விழுந்ததும் தையல்காரர் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றார். அதைச் சொல்ல மனைவியைத் தேடினார். வலது பக்கம் பார்த்தார், கதவுப் பக்கம் பார்த்தார். அவள் அவருடைய இடது தோளை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள்.