கண்ணுக்கு மட்டும் கறுப்புப் பட்டை

எங்கள் பத்திரிகை அச்சிட்ட எதையும் திரும்பப் பெற்றதில்லை. என் தாத்தா தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். பொறுப்பை மகனிடம் ஒப்படைத்த பிறகும் அந்த மாதிரிக் கோரிக்கை வந்தால் என்னிடம்தான் அனுப்பிவைப்பான். மறுப்பதற்கு என் முகம் பொருத்தமானது என்று நினைக்கிறான் போலும்.

அப்படி அவன் அனுப்பி வந்த ஒரு பெண், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கைபேசியை என் மேசைமேல் வைத்தாள். திரையில் எங்கள் பத்திரிகையின் முப்பது வருடத்துக்கு முந்தைய முதல் பக்கம். பேருந்து நிலைய பெஞ்சில் யாரோ விட்டுப்போன பெண் குழந்தை. நான் எடுத்த படம். விருது வாங்கியது. அதே படத்தை, அவள் தலைக்கு மேலே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். பழைய இதழ்களை மகன் போன வருடம் இணையத்தில் ஏற்றியிருந்தான்.

“இத எடுத்துடுங்க ஐயா. நான்தான் இது.”

“கண்ணை மறைச்சுத்தானம்மா போட்டிருக்கோம். கறுப்புப் பட்டை இல்லாம இப்படி ஒரு குழந்தை படம் எங்க பேப்பர்ல வந்ததே இல்ல.”

“ரெண்டு நாள் குழந்தையோட கண்ணு யாருக்கு அடையாளம் தெரியும்?”

செருப்பைக் கழற்றி வலது காலை முன்னே வைத்தாள். ஆறு விரல். படத்திலும் அதே கால்தான் துணிக்கு வெளியே தெரிந்தது.

“ஸ்கூல்ல என் பேரே பெஞ்சுதான். ‘ஏய் பெஞ்சு, நகந்து உக்காரு’ம்பாங்க. அத விடுங்க, பழகிடுச்சு. என் பொண்ணுக்கும் இதே காலு. இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. நான் சொல்றதுக்கு முன்னாடி உங்க பேப்பர் அவளுக்குச் சொல்லிடக் கூடாது.”

“பார்க்கலாம்” என்றேன். எவருக்கும் நான் உடனே தலையாட்டுவதில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். “போறப்ப எங்கம்மா காலையாவது மூடிட்டுப் போயிருக்கலாம். அதுகூடத் தோணல பாருங்க.”

நான் நிமிர்ந்து படத்தைப் பார்க்கவில்லை. மூடித்தான் இருந்தது. கேமரா வழியே பார்த்தபோது வெறும் துணி மூட்டையாகத் தெரிந்தது. கால் வெளியே தெரிந்தால் பார்ப்பவர் மனம் இளகும் என்று துண்டைப் பிரித்தது நான். குழந்தை சிணுங்கியது. விருது மேடையில் இதைச் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் கதவைத் திறந்துவிட்டாள். நான் எழுந்து நின்றேன்.

“நில்லும்மா. துண்டை விலக்கினது நான்தான். உங்கம்மா நல்லா சுத்தித்தான் வச்சிருந்தாங்க.”

திரும்பாமலே கேட்டாள். “எத்தனை சுத்து?”

“மூணு. முனையை உள்ள செருகியிருந்தது.”

“இறுக்கமாவா?”

“இறுக்கமா. அவுக்க நேரமாச்சு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “மூணு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்று மாலையே அந்தப் பக்கத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். “உங்க தாத்தா காலத்து வழக்கம் என்னப்பா ஆச்சு?” என்றான் மகன்.

“எடுடா.”

சட்டத்தை நானே கழற்றினேன். இப்போதெல்லாம் குளித்துவிட்டு வந்து, இடுப்புத் துண்டின் செருகலை உருவும்போது விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. உள்ளே ஏதோ சிணுங்குகிறது.