வீரனார் கறி மண்ணில் படக்கூடாது

எழிலன் ஒரு பை வாங்க ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கல்யாணத்துக்கே அவ்வளவு நாள் யோசிக்காத ஆள் அவன். கடலூர் பஸ்ஸில் மோனிகாவைப் பார்த்தான், பிடித்துப்போனது, இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கட்டிக்கொண்டு வந்து சிதம்பரத்தில் குடித்தனம் வைத்துவிட்டான். பைக்குத்தான் இந்தப் பாடு.

செம்மங்குப்பத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் கையில் போன். போனில் எந்த தேசமோ, பனி கொட்டுகிற மலை. தாடிக்காரன் ஒருத்தன் மானை வேட்டையாடி, முழுத் தொடையை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு தன்னந்தனியாக மலை இறங்குகிறான். "யப்பா! எம்மாம் பெரிய தொடை! ஒத்த ஆளு!" என்று எழிலன் வாய் பிளப்பான்.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னாப்பா, வேட்டைக்குக் கெளம்புறியா? புடிச்சு உள்ள வச்சுருவான்."

"வேட்டைக்கு இல்லண்ணே. எங்க குலசாமிக்கு."

குலசாமி வீரனார், புவனகிரிக்குப் பக்கம் வெள்ளாற்றின் நடுவில் ஒரு திட்டில் இருக்கிறார். ஆடி மாதம் அங்கே கிடா வெட்டு. வெட்டிய கறியைப் புது வேட்டியில் மூட்டை கட்டி, ஆற்றைக் கடந்து, கரையில் கொதிக்கிற அண்டாவில் நேராகக் கொட்ட வேண்டும். நடுவில் ஒரு தடவை மண்ணில் வைத்தால் போச்சு. மொத்தக் கறியும் ஆற்றோடு; அந்த வருஷம் படையலே கிடையாது. இன்னொன்று, தூக்குகிற முறை எந்தக் குடும்பத்துடையதோ அந்தக் குடும்பத்துக் கை தவிர வேறு கை மூட்டையில் படக்கூடாது. எப்போதும் அண்ணன் தம்பி இரண்டு பேர் தண்டில் கட்டித் தோளில் சுமந்து வருவார்கள். எழிலனுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பெண்பிள்ளை தண்டு பிடிக்கிற வழக்கம் இல்லை.

அது தெரிந்தும்தான் பெரியப்பா சபாபதி ஆள் அனுப்பினார். "இந்த வருஷம் ஒங்கப்பன் மொறை. கரை சேத்துட்டா ஒம் பேரும் பங்குல வரும். சேக்கலன்னா இனிமே இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது."

பங்கு என்றால் கரண்டிக் கறிதான். ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மீனவர் வீட்டுப் பெண்ணைக் கட்டியதிலிருந்து எழிலன் பேரைக் கூப்பிடுவதில்லை. விருந்தாளி மாதிரி கடைசிப் பந்தி. ஒவ்வொரு ஆடியிலும் பேர் கூப்பிடுகிற நேரத்தில் மோனிகா பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் நின்றுகொள்வாள். அதைப் பார்க்கத்தான் எழிலனுக்குப் பொறுக்காது.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில் ராஜவேல் கடை. பழைய பட்டாளச் சாமான், மலையேறுகிற சாமான் எல்லாம் விற்கிறவர். உள்ளே நுழைந்ததும் எழிலன் ஒரு பச்சைப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அடேயப்பா, எத்தனை ஜிப்பு, எத்தனை வார்!

"எம்மாம் வெயிட் வேணா தாங்கும் சார்," என்றார் ராஜவேல்.

கூட வந்த மோனிகா பையைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் உட்கார்கிறவள்தான். ஆனால் காலேஜ் முடிக்கிறவரை அம்மா அஞ்சம்மாளோடு துறைமுகத்திலிருந்து தெருத்தெருவாக மீன் கூடை சுமந்தவள். கடை வாசலில் கிடந்த தண்ணி பாக்கெட் மூட்டையைக் காட்டி, "அண்ணே, அதப் போட்டுத் தாங்க," என்றாள்.

"அரிசி போட்டுப் பாக்கலாமேடி?"

"அரிசி போட்ட எடத்துல கெடக்கும் மாமா. கறி கெடக்குமா? மீன் மாதிரி வழுக்கிட்டு அடியில போய் உக்காரும்."

மூட்டையைப் போட்டு மாட்டியதும் அதேதான் நடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் மொத்தமும் சரிந்து இடுப்புக்குக் கீழே தொங்கி அவனைப் பின்னால் இழுத்தது. ராஜவேல் பிடிக்காவிட்டால் கடைக்குள்ளேயே மல்லாந்திருப்பான்.

மூலையில் இன்னொன்று சாய்ந்திருந்தது. பார்க்க லட்சணமே இல்லை. அலுமினியச் சட்டம், நடுவில் ஒரு தகடு, தோள்வார், இடுப்பு பெல்ட், சுமையை இறுக்கிக்கட்ட நாலு வார். பையே கிடையாது. மூட்டையைத் தகட்டில் உயர வைத்து இறுக்கிக் கட்டி மாட்டினார்கள். அட! பாரம் தோளில் இல்லை, இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. அசையவும் இல்லை. எழிலன் கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சின்னப் பிள்ளை போலச் சிரித்தான்.

அவன் கழற்றியதும் மோனிகா அதைச் சுமையோடு படுக்கவைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றாள்.

"மேடம், அது முதுகுல மாட்டறதும்மா!" ராஜவேலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழிலனுக்கு மானம் போனது.

"சும்மா பாத்தேண்ணே. இதையே குடுங்க," என்றாள் மோனிகா.

ஆடி வெள்ளிக்கிழமை. ஆற்றில் முழங்கால் தண்ணீர். திட்டில் பம்பை அதிர்ந்தது. இரண்டு பெரிய கிடா. கறி முப்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. எழிலனே வேட்டியில் மூட்டை கட்டி, சட்டத்தில் ஏற்றி, இறுக்கினான். மோனிகா கூட நின்று வாரைச் சுண்டிப் பார்த்தாள்.

"டேய், ஸ்கூலுக்குப் போறியா?" என்று பெரியப்பா மகன் அறிவழகன் கிண்டல் பண்ணினான். எழிலன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீரனாரைக் கும்பிட்டுத் தண்ணீரில் இறங்கினான். பங்காளிகள் இரண்டு பக்கமும் வந்தார்கள். பின்னால் பெண்கள்.

பாதி ஆறு வரைக்கும் ராஜநடை. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பனிமலைத் தாடிக்காரனே பார்த்தாலும் சபாஷ் சொல்லியிருப்பான். கரையில் அண்டாவின் ஆவி தெரிந்தது. பக்கத்தில் பெரியப்பா கைகட்டி நின்றார். அப்போதுதான் வலது கால் போட்ட இடத்தில் தரை இல்லை. எவனோ மணல் அள்ளிய பள்ளம். படக்கென்று கணுக்கால் மடங்கியது. இடுப்புத் தண்ணீரில் எப்படியோ ஒற்றைக் காலில் நிமிர்ந்துவிட்டான். மூட்டை மண்ணில் படவில்லை. ஆனால் வலது காலை ஊன்ற முடியவில்லை. ஊன்றினால் உயிர் போனது.

பம்பை நின்றுவிட்டது. அறிவழகன் கிண்டலெல்லாம் மறந்து ஓடி வந்தான். வந்தவன் மூட்டைக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றான். தொடக்கூடாதே! இத்தனை ஆம்பிளைகளும் சுற்றி நின்று பார்க்கிறார்கள், ஒரு கை நீளவில்லை. எழிலனுக்கு ஒற்றைக் கால் வெடவெடவென்று நடுங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண் கலங்கிவிட்டது.

"வழி வுடுங்க."

மோனிகா. துப்பட்டாவை முறுக்கிச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள். பள்ளத்தின் விளிம்பைக் காலால் தடவி, அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"குனி மாமா. பென்ச்சு கணக்கா குனி. பெல்ட்ட அவுரு. பயப்படாத, நான் புடிச்சிருக்கேன்."

அவன் குனிந்தான். பெல்ட்டை அவிழ்த்தான். ஒரு தோள், அப்புறம் இன்னொரு தோள். அவள் முழங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்திச் சட்டத்தின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். தகடு வழுக்கிக்கொண்டு வந்து சும்மாட்டில் உட்கார்ந்தது. "ம்" என்று ஒரு முக்கல். எழுந்துவிட்டாள். மீன்காரப் பெண்கள் வழியில் ஒருத்தி தலையிலிருந்து இன்னொருத்தி தலைக்கு மாற்றும்போது கூடையைத் தரையில் இறக்குவதே இல்லை என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். கடையில் அன்றைக்கு ஏன் தலையில் வைத்துப் பார்த்தாள் என்பது எழிலனுக்கு இப்போதுதான் உறைத்தது. தன் கால் தவறும் என்று நினைத்தாளா? நினைத்திருப்பாள். நினைத்ததை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

அவள் நடந்தாள். கழுத்து துளியும் சாயவில்லை. தலையில் ஒரு ஆள் உசுரோடு உட்கார்ந்த பாரம், இடுப்புக்குக் கீழே ஓடுகிற ஆறு. வேட்டியில் கசிந்த ரத்தம் நெற்றியில் இறங்கியது, துடைக்கவில்லை. பம்பைக்காரர் தானாக அடிக்க ஆரம்பித்தார். எழிலன் அறிவழகனின் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றான். இவளோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், இவள் யாரென்று இப்போதுதான் பார்க்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

கரை ஏறி அண்டா முன்னால் போய் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். தலைச்சுமையைத் தனி ஆள் இறக்க முடியாது. எதிரில் ஒரு ஆள் வேண்டும். எழிலனோ இன்னும் ஆற்றில் நொண்டிக்கொண்டு வருகிறான். வேறு குடும்பத்துக் கை படக்கூடாது. கழுத்து நரம்பு புடைத்து அவள் கால் மெல்ல நடுங்கத் தொடங்கியது.

சபாபதி அவளையே பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வீரனாரைத் தவிர யார் முன்னாலும் அவர் துண்டை எடுத்து எழிலன் பார்த்ததில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் எதிரில் வந்து இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தார்.

"அப்பா, கை படக்கூடாதே!" என்று ஆற்றிலிருந்து கத்தினான் அறிவழகன்.

"எவன்டா அவன்! எங்க வூட்டுப் பொண்ணு சுமய நான் எறக்காம வேற எவன் எறக்குவான்? எறக்கும்மா, புடிச்சுக்கிட்டேன்."

கறி நேராக அண்டாவுக்குள் இறங்கியது.

பொழுது சாய, பங்கு கூப்பிட்டார்கள். எழிலன் வீங்கிய காலை நீட்டிப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். முகம் கழுவிய மோனிகா பழக்கத்தில் பாத்திரம் கழுவுகிற பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"மொதப் பங்கு," சபாபதி குரல் கரையெல்லாம் கேட்டது. "மோனிகா!"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி எழிலனைப் பார்த்தாள். ஆற்று நடுவில் கலங்காத கண் இப்போது பொலபொலவென்று கொட்டியது.

"நீ வா மாமா."

"நான் எங்க வர்றது, காலு இருக்கற லட்சணத்துல," என்றான் எழிலன். "ஒன்னத்தான கூப்புடறாங்க. போடி."